போர்டிகோவில் முளைத்த மூங்கில்: கொட்டிவாக்கம் வீடு ஒன்றில் இரண்டு வருட வேலை

2022 ஜூனில் ஒரு சனிக்கிழமை காலை கொட்டிவாக்கத்திலிருந்து போன். "தம்பி, எங்க வீட்டு மூங்கில் பக்கத்து வீட்டுப் போர்டிகோவுல முளைச்சிருக்கு. அவர் ஒரே சண்டை. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க" என்றார் அந்த வீட்டு அம்மா. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். குரலில் பதற்றத்தைவிடச் சங்கடம்தான் அதிகம்.

நான் நம்பவில்லை. தோட்டப் பராமரிப்புதான் என் தொழில். சென்னையில் வீட்டுத் தோட்டங்களில் நான் பார்த்த மூங்கில் அநேகமாக எல்லாமே குத்து மூங்கில். வாழை பக்கக்கன்று விடுவதுபோலத் தாயை ஒட்டியே பிள்ளைகள் வரும். பத்து வருடம் கவனிக்காமல் விட்டால் குத்து பருத்து நடைபாதையை அடைக்கும், சுவரை நெருக்கும். அவ்வளவுதான். சுவர் தாண்டிப் போய் இன்னொருவர் வீட்டில் தலை காட்டாது. வேறு ஏதோ செடியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

மூங்கில்தான். இரண்டு பேவர் பிளாக்குகளுக்கு நடுவே, கார் டயர் நிற்கும் இடத்திலிருந்து ஒரு ஜாண் தள்ளி, விரல் தடிமனில் ஒரு குருத்து. பழுப்பு நிறப் பாளை சுற்றி, நுனி கோணி ஊசி மாதிரி கூர்மையாக இருந்தது. ஒரு கல்லை அரை அங்குலம் தூக்கியும் விட்டிருந்தது. அந்த வீட்டு சார் பக்கத்திலேயே நின்றார். "பாத்தீங்களா? நாளைக்கு ஹால்ல முளைக்கும்" என்றார்.

ஹாலில் முளைக்கவில்லை. ஆனால் அந்த வேலை முடிய ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. அதில் கடைசி ஆறு மாதம் முழுக்க என் தவறால்.

ஒரே பெயர், இரண்டு செடி

ஒன்றரை கிரவுண்டு மனை. கடலிலிருந்து நடந்து போகிற தூரம். மண் என்று சொன்னாலும் அது மணல்தான். இரண்டு கை அள்ளினால் விரலிடுக்கில் வழிந்துவிடும். வீட்டின் மேற்குப் பக்கம், காம்பவுண்டு சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே 5 அடி அகலத்தில் ஒரு நீளத் துண்டு நிலம். பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்தபோது அவர் ஜன்னல் நேராக இவர்கள் படுக்கையறையைப் பார்த்தபடி வந்துவிட்டது. அதை மறைக்கத்தான் மூங்கில். யார் ஜன்னலை மறைக்க நட்டார்களோ அவர் போர்டிகோவிலேயே போய் முளைத்ததில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது, அதை அங்கே சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

கன்று 2018-இல் வந்தது. டீச்சரின் தம்பி நீலகிரிப் பக்கம் ஒரு நர்சரியில் இரண்டு பை வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பையில் எழுதியிருந்தது 'கோல்டன் பேம்பூ'. சென்னை நர்சரியில் கோல்டன் பேம்பூ என்று கேட்டால் மஞ்சள் தண்டில் பச்சைக் கோடு போட்ட பெரிய மூங்கிலைத்தான் காட்டுவார்கள். பம்பூசா வல்காரிஸ் வகை அது, குத்தாக நிற்கும். டீச்சர் மனதில் இருந்ததும் அதுதான். ஆனால் அதே பெயரில் இன்னொன்று உண்டு: ஃபிலோஸ்டாக்கிஸ் ஆரியா. ஆரியா என்றால் லத்தீனில் பொன்னிறம். சீனாவைச் சேர்ந்த, குளிர் தாங்கும், மண்ணுக்கடியில் ஓடும் மூங்கில். தூண்டில் கழிக்கும் கைத்தடிக்கும் பெயர் போனது. (இந்தப் பெயர்க் குழப்பம் மூங்கிலுக்குப் புதிதில்லை. கடைகளில் கண்ணாடிக் குவளையில் விற்கும் 'லக்கி பேம்பூ' மூங்கிலே இல்லை, டிரசீனா.)

எதிரில் நின்று பார்த்தால் இரண்டு நிமிடத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரு கழியைப் பிடித்துக் கணுவுக்கு மேலே கட்டைவிரலால் தடவினேன். கிளை கிளம்பும் பக்கத்தில் கணுவிடை நெடுக ஒரு பள்ளம், சாக்பீஸ் வைக்கும் பலகைக் காடி மாதிரி. குத்து மூங்கிலில் தண்டு உருண்டையாக இருக்கும். இந்தப் பள்ளம் ஃபிலோஸ்டாக்கிஸ் இனத்துக்கு உரியது. கணுவுக்கு இரண்டே கிளைகள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பம்பூசாவில் ஒரு கொத்தே கிளம்பும். மூன்றாவது அடையாளம் அடித்தண்டில்: தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை சில கழிகளில் கணுக்கள் ஒன்றோடொன்று நெருங்கி, கோணல்மாணலாக, ஆமை ஓடு போல இருந்தன. அது ஆரியாவின் முத்திரை. அதற்கு மேல் சந்தேகப்பட எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

இந்த ஊர் வெயிலில் அது ஒன்றும் பெரிதாக வளர்ந்திருக்கவில்லை. கழிகள் கட்டைவிரல் தடிமன், 12 அடி உயரம். மே மாத வெயிலும் உப்புக் காற்றும் சேர்ந்து இலை நுனிகளைக் காய்ச்சியிருந்தன. மேலே பார்த்தால் பாவமாக இருக்கும். அதனால்தான் யாருக்கும் கீழே பார்க்கத் தோன்றவில்லை.

தோண்டியபோது

மூங்கில் ஒரு புல். மண்ணுக்குள் படுத்தபடி வளரும் தண்டுதான் அதன் உயிர். பள்ளிப் புத்தகத்தில் மட்டநிலத்தண்டு என்று படித்திருப்போம். எங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் 'வேர்' என்றே சொல்வார்கள். குத்து மூங்கிலில் அது இஞ்சிக் கிழங்கு போலக் கட்டை குட்டையாகத் திரும்பி மேலே வந்து கழியாகிவிடும். ஓடும் மூங்கிலில் அது கயிறு. கணுவுக்குக் கணு ஒரு மொட்டு. அதில் சில கழியாக எழும்பும், சில புதுக் கயிறாகப் பிரியும், மற்றவை சும்மா தூங்கும், வெட்டுப்பட்டால் விழிக்கும்.

சுவரோரம் கடப்பாரையால் மணலை நெகிழ்த்திவிட்டுக் கையால் அள்ளினோம். அரை அடி ஆழத்திலேயே முதல் கயிறு. வைக்கோல் நிறம், சுண்டுவிரல் தடிமன், இரண்டு விரற்கடைக்கு ஒரு கணு, ஒவ்வொரு கணுவிலும் மோதிரம் மாதிரி சல்லிவேர். அதைப் பிடித்து மெதுவாக இழுத்தால் மணலைக் கிழித்துக்கொண்டு கோடு போட்டபடி எழுந்து வருகிறது. களிமண்ணாக இருந்தால் கணுவுக்குக் கணு அறுந்து கையில் துண்டு துண்டாக வந்திருக்கும். தாய்ச் செடியிலிருந்து நாங்கள் எடுத்த நீளமான ஒன்று 19 அடி. அது எங்கேயும் வளைந்து நெளியவில்லை. சுவரை ஒட்டியே நேராகப் போயிருந்தது. ஏன் என்று பார்த்தால், சுவரோரம் வாஷிங் மெஷின் தண்ணீர் விடும் ட்யூப்.

அதற்கு ஒரு முன்கதை உண்டு. 2019 கோடையில் ஏரிகள் வற்றிச் சென்னையே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றதே, அப்போது இந்த மூங்கில் இலை முழுக்க உதிர்த்துக் குச்சியாக நின்றிருக்கிறது. "செத்துப்போச்சுன்னு நானே அடியோட வெட்டிட்டேன் தம்பி" என்றார் டீச்சர். வெட்டிய இடத்தில் துணி துவைத்த தண்ணீராவது போகட்டும் என்று ட்யூபைத் திருப்பிவிட்டார். மேலே ஒன்றுமில்லை, கீழே தண்டு உயிரோடு இருந்தது, ஊரெல்லாம் காய்ந்து கிடக்க ஈரம் ஒரே கோட்டில் மட்டும். அது வேறு எந்தப் பக்கம் போகும்? அடுத்த வருடம் பத்துப் பன்னிரண்டு மெல்லிய குருத்து வந்தது. 2021 நவம்பர் பெருமழைக்குப் பிறகு சுவரோரம் முழுக்க வந்தது. அந்த மழையில் மேற்குப் பக்கம் ஒரு வாரம் தண்ணீர் தேங்கியதாம். மழைநீர் சேகரிப்புக் குழியைத் திறந்து பார்த்தேன். 2003-இல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கியபோது போட்ட குழி. ஜல்லியும் உடைந்த செங்கலும் நிரப்பியது. ஜல்லிக்கு நடுவே தேங்காய் நார் மெத்தை போலச் சல்லிவேர் அடைத்துக் கிடந்தது. தண்ணீர் இறங்க வழியே இல்லை. பக்கத்து வீட்டுக் குருத்து கண்ணுக்குத் தெரிந்த தொல்லை. இந்தக் குழி அதைவிடப் பெரிய தொல்லை, அதைப் பற்றி யாரும் வாய் திறந்திருக்கவில்லை.

இடையில் யாரோ ஒரு தோட்டக்காரர் தடுக்கவும் முயன்றிருக்கிறார். சுவருக்கு அரை அடி முன்னால் ஒரு ஃப்ளெக்ஸ் பேனரை நிற்க வைத்துப் புதைத்திருந்தார். பிறந்தநாள் வாழ்த்து பேனர். 'வாழ்த்தி வணங்கும்' என்ற எழுத்துகளில் மூன்று இடத்தில் ஓட்டை, மூன்றிலும் தண்டு நுழைந்து அந்தப் பக்கம் போயிருந்தது. பேனர் முடிந்த இடத்தில் கடப்பா கல்லை வரிசையாகச் செருகியிருந்தார். கல் நல்ல கல்தான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நூல் இடைவெளி. நுனி கூர்மையாக இருப்பதால் அது போதும். முதலில் நுழைந்துவிட்டு அப்புறம் மெல்ல இடத்தை அகட்டிக்கொள்ளும்.

காம்பவுண்டு சுவரையும் இப்படித்தான் தாண்டியிருந்தது. சிமெண்டை உடைக்கவில்லை. கருங்கல் அடித்தளத்தில் பூச்சு உதிர்ந்த ஒரு சந்து வழியாகப் போயிருந்தது. பக்கத்து வீட்டு சாருக்கு இதைக் காட்ட வேண்டியிருந்தது, ஏனென்றால் அவர் தன் வீட்டுச் சுவரில் இருந்த மயிரிழை விரிசலுக்கும் மூங்கிலையே காரணம் சொன்னார். அந்த விரிசலுக்கு நேர்கீழே ஒன்றரை அடி தோண்டிப் பார்த்தோம். மணலைத் தவிர ஒன்றுமில்லை. நல்ல கான்கிரீட்டை மூங்கில் பிளக்காது, இருக்கிற ஓட்டையைத் தேடிப் போகும். அவர் முழுக்கச் சமாதானம் ஆகவில்லை. "கல்யாணத்துல மூங்கில் போல் சுற்றம் முசியாம இருக்கணும்னு வாழ்த்துவாங்க சார், அதுக்குன்னு என் வீட்டுலயா சுற்றம் சேக்கணும்?" என்றார். முதல் முறையாக எல்லோரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த வாழ்த்தை நினைத்துப் பார்த்தேன். ஆல்போல் தழைத்து, அறுகுபோல் வேரோடி, மூங்கில்போல் சுற்றம் முசியாமல். ஓடுவது அறுகு, கூடி நிற்பது மூங்கில் என்று தெளிவாகப் பிரித்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊர் முள் மூங்கிலையும் கல் மூங்கிலையும் பார்த்தவர்கள் சொன்னது. மூங்கில் வேஷத்தில் அறுகு வந்தால் நமக்குப் பழக்கம் போதாது.

எடுப்பதா, வைப்பதா

என் கருத்து: முழுக்க எடுத்துவிட்டு, வேலி மூங்கில் என்று விற்கும் பம்பூசா மல்டிபிளெக்ஸ் வகையைக் குத்துக் குத்தாக நடலாம். அதுவும் ஜன்னலை மறைக்கும், ஓடாது. டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. கொண்டைக்குருவி கூடு கட்டியிருக்கிறது, தம்பி வாங்கிக்கொடுத்தது, நாலு வருடம் பிள்ளை மாதிரி வளர்த்தது என்று மூன்று காரணம் சொன்னார். கணக்கு டீச்சரோடு வாதாடி ஜெயிக்க முடியாது. கடைசியில் ஜன்னலுக்கு நேராக 12 அடி நீளம், 3 அடி அகலம் மட்டும் வைத்துக்கொள்வது, மீதி எல்லாவற்றையும் எடுப்பது என்று முடிவானது.

மரம் வெட்ட அனுமதி வேண்டாமா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். 1927-ஆம் வருட இந்திய வனச் சட்டத்தில் மரம் என்பதற்கான விளக்கத்திலிருந்து மூங்கிலை 2017-இல் எடுத்துவிட்டார்கள். வீட்டுத் தோட்டத்து மூங்கிலை வெட்ட அந்தச் சட்டம் குறுக்கே வராது.

உப்பு கொட்டுங்கள், பாத்ரூம் ஆசிட் ஊற்றுங்கள் என்று தெருவில் ஆளுக்கொரு வைத்தியம். இரண்டையும் நான் தொடவில்லை. மணல் மண், மேலே ஊற்றினால் நேராகக் கிணற்றுக்குப் போகும். டீச்சர் வீட்டுக் கிணற்றில் 15 அடியிலேயே தண்ணீர். களைக்கொல்லியும் வேண்டாம் என்றேன், சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் மல்லிகைப் பந்தல் இருக்கிறது, இந்தப் பக்கம் வேப்பமரம் இருக்கிறது. இந்த மூங்கிலை ஒழிக்க நேர்வழி ஒன்றுதான். தண்டைத் தேடித் தோண்டி எடுப்பது, தப்பியது குருத்து விடும்போதெல்லாம் இலை விரியும் முன்னே ஒடிப்பது. இலை இல்லாமல் மண்ணுக்குள் இருக்கும் சேமிப்பை எத்தனை நாள் தின்னும்?

மூன்று ஆட்கள், நான்கு நாள். பேவர் பிளாக்கைப் பெயர்த்துப் பின்தொடர்ந்ததில் போர்டிகோவுக்குக் கீழே இன்னும் ஆறு நுனிகள் கிடைத்தன. எடுத்ததையெல்லாம் சிமெண்ட் சாக்கில் கட்டினோம், 11 சாக்கு. மொட்டைமாடியில் பரப்பி, ஒடித்தால் சுள்ளி மாதிரி உடையும் வரை காயவிட்ட பிறகுதான் வெளியே அனுப்பினேன். ஈரத்தோடு குப்பையில் போட்டால் போன இடத்தில் முளைக்கும். பழைய தோட்டக்காரர் எதிர் காலி மனையில் வீசியிருந்த துண்டுகளில் இரண்டு பிடித்திருந்தன, அவற்றையும் போய்ப் பிடுங்கினோம்.

தடுப்புக்கு 1.5 மில்லிமீட்டர் தடிமனில் எச்டிபிஇ என்ற கெட்டி பிளாஸ்டிக் ஷீட். தாமரைத் தொட்டிக்குப் போடும் மெல்லிய ஷீட் இதற்குத் தாங்காது. பாத்தியைச் சுற்றி இரண்டரை அடி ஆழத்துக்குப் பள்ளம். மணலில் பள்ளம் நிற்காது, வெட்ட வெட்டச் சரியும். முதலில் தண்ணீர் விட்டு ஊறவைத்து, ஐந்தடி ஐந்தடியாக வெட்டி, ஷீட்டை நிறுத்தி, மூடிக்கொண்டே போனோம். காம்பவுண்டு சுவருக்கு ஒரு அடியில் இவ்வளவு ஆழம் வெட்டுவதால் முன்கூட்டியே ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டேன். ஷீட்டின் மேல்விளிம்பு மூங்கிலுக்கு எதிர்ப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஓடி வந்து முட்டும் தண்டு கீழே போகாமல் மேல்நோக்கித் திரும்பும். இணைப்பில் ஒரு அடி ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இரு பக்கமும் அலுமினியப் பட்டி வைத்து போல்ட். அடிப்பக்கம் திறந்தே இருக்கும். மூடினால் மழைக்காலத்தில் தொட்டியாகி வேர் அழுகும். தரைக்கு மேலே 2 அங்குலம் விளிம்பு.

அந்த 2 அங்குலத்தில்தான் நான் விழுந்தேன்.

மிக்ஜாம்

2022 ஆகஸ்டில் தடுப்பு முடிந்தது. அதற்கப்புறம் ஒன்றரை வருடம் பக்கத்து வீட்டில் வந்தது மொத்தம் ஐந்து குருத்து, எல்லாம் மிச்சம் விட்டுப்போன துண்டுகளிலிருந்து. சார் தாமே ஒடித்துப் போட்டுவிட்டு எனக்குப் படம் அனுப்புவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் வந்து விளிம்பைப் பார்ப்பது என்று பேச்சு. 2023 ஆடியில் வந்தேன். அடுத்த முறை தையில்.

நடுவே டிசம்பரில் மிக்ஜாம் புயல். வேறு வீடுகளில் விழுந்த மரங்களை எடுக்கவே எனக்கு ஒரு மாதம் போனது. தை வேலையைத் தள்ளிப்போட்டேன். பிப்ரவரி கடைசியில் போனால், பாத்தி அழகாக இருக்கிறது. விளிம்பு எங்கே? காணோம். வெள்ளம் கொண்டுவந்த மணலும், மூங்கிலே உதிர்த்த சருகும் சேர்ந்து விளிம்பை மூடி மேலே இரண்டு விரல் உயரம். கையால் ஒதுக்கினேன். ஷீட்டின் முனையில் சாய்ந்தபடி, வேலி தாண்டும் பூனை மாதிரி, ஒரு தண்டு ஏறி அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. இன்னும் இரண்டு அதன் பின்னாலேயே. முதல் தண்டின் நுனி சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

ஷீட் அதன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. முட்டிய தண்டை மேலே திருப்பிவிட்டது. மேலே வந்ததைப் பார்த்து வெட்ட வேண்டியவன் நான். தவிர, சருகை எடுக்காதீர்கள், மூங்கில் இலையில் சிலிக்கா இருக்கிறது, மண்ணுக்கே திரும்பட்டும் என்று டீச்சரிடம் சொல்லி வைத்ததும் நான்தான். அது நல்ல யோசனைதான். விளிம்பிலிருந்து அரை அடி விட்டுப் போடுங்கள் என்று சேர்த்துச் சொல்லவில்லை.

அன்றைக்கு மூன்றையும் வெட்டி எடுத்து, முறையை மாற்றினோம். ஷீட்டுக்கு உள்பக்கம் ஒட்டி ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்துக்கு மணலை எடுத்துவிட்டுக் காய்ந்த சருகை மட்டும் தளர்வாக நிரப்பினோம். தண்டு முதலில் இந்தச் சருகுக்குள்தான் வரும். சருகைக் கையால் அள்ளினால் நுனி வெளியே தெரியும். வெட்டிவிட்டுத் திரும்ப மூட அரை மணி நேரம். கடப்பாரை தேவையில்லை. ஷீட்டுக்கு வெளிப்பக்கம் ஒரு அடி வெறும் தரை, எதையும் வைப்பதில்லை. வாஷிங் மெஷின் ட்யூப் இப்போது கிழக்குப் பக்கம் வாழைக்குப் போகிறது. மூங்கிலுக்குத் தண்ணீர் பாத்தியின் நடுவில் மட்டும்.

இதைப் படித்துவிட்டுக் கிணற்று உறை வைத்து வளர்க்கலாமா என்று யாராவது கேட்பார்கள். ஒற்றைச் செடிக்கு வைக்கலாம். இரண்டு உறையை ஒன்றன்மேல் ஒன்று இறக்கும்போது நடுவே உள்ள மூட்டைச் சிமெண்டால் பூச வேண்டும், மேல் உறை தரைக்கு மேலே நிற்க வேண்டும். மூன்று நான்கு வருடத்தில் உள்ளே நெருங்கிவிடும், எடுத்துப் பிரிக்க வேண்டும். அந்த வேலைக்குத் தயாரென்றால் சரி.

கழி கழிக்கும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மூங்கில் கழி வரும்போதே முழுத் தடிமனோடு வரும், ஓரிரு மாதத்தில் உயரத்தை எட்டிவிடும், அப்புறம் ஒரு அங்குலம்கூடப் பருக்காது, உயராது. அதனால் மெல்லிய கழியை 'பெரிசாகும்' என்று விட்டுவைப்பதில் பயனில்லை. நான்கு வயதுக்கு மேற்பட்டதையும் நோஞ்சானையும் தரையோடு எடுத்துவிட்டால் மீதிக்குக் காற்றும் வெளிச்சமும் வரும். வெட்டும்போது கணுவுக்கு நேர்மேலே வெட்ட வேண்டும். நடுவில் வெட்டினால் அடிக்கட்டை ஒரு குவளை. மழைத் தண்ணீர் நின்று ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்கு சோதனைக்கு வரும் மாநகராட்சிப் பணியாளர் பூந்தொட்டித் தட்டைத்தான் பார்ப்பார், மூங்கில் கட்டைக்குள் பார்க்க அவருக்குத் தோன்றாது.

2024 ஆடியில் சருகை அள்ளியபோது ஒன்பது நுனி, அதில் சுவர்ப் பக்கம் இரண்டு. தையில் நான்கு, சுவர்ப் பக்கம் ஒன்றுமில்லை. மழைநீர்க் குழியில் புது ஜல்லி போட்டிருக்கிறது, தண்ணீர் இறங்குகிறது. அன்று கழித்த கழிகளைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு சார் எட்டிப் பார்த்து, "அதுல நேரா இருக்கிறது ஒரு ஆறு கொடுங்க, புடலைக்குப் பந்தல் போடணும்" என்றார். காய்ந்ததாகப் பார்த்து, அடிக்கணுவோடு மண் ஒட்டியிருந்ததைச் சீவிவிட்டுக் கொடுத்தேன்.